அப்பா ஊன்றிய மாமரத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக வழி உண்டா?

கேள்வி: மூன்றாம் மாடி மகள்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக், பழைய வீடுகளை அரசு எடுத்துக்கொண்டு மாற்று வீடு தரும் 'செர்ஸ்' எனப்படும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. மாற்று வீடு பக்கத்து வட்டாரத்திலேயே கிடைக்கிறது, ஆனால் 22ஆம் மாடியில். அம்மாவுக்கு வயது 78. வீட்டை விட்டுப் போவதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. குளியலறைக் கூரையில் ஒழுகும் தண்ணீருக்கு வாளி வைத்து வைத்து அவருக்கே அலுத்துப்போயிருந்தது. வருத்தமெல்லாம் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நிற்கும் மாமரத்தைப் பற்றியதுதான்.

1981இல் அப்பா ஊருக்குப் போய்விட்டு, நாகப்பட்டினத்தில் சிதம்பரம் கப்பல் ஏறித் திரும்பியபோது, மாயவரத்துப் பாதிரி மாம்பழங்கள் ஒரு கூடை கொண்டுவந்ததாகவும், வழியில் அழுகியவை போக மிஞ்சியதை எல்லாரும் தின்ற பிறகு ஒரு கொட்டையை புளோக்கின் பின்புறம், மழைநீர்க் கால்வாய்க்கு அருகில் ஊன்றியதாகவும் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார். மரம் இன்று நான்காம் மாடிக்கு வளர்ந்து நிற்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோரணம் கட்ட அம்மா ஒருமுறைகூடத் தேக்கா சந்தையில் மாவிலை வாங்கியதில்லை. காற்றில் உதிரும் பிஞ்சுகளைப் பொறுக்கி மாவடு போடுவார். பழத்தைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: ஒரே நார், இனிப்பும் சுமார்தான். என் அத்தை ஒவ்வோர் ஆண்டும் அதைத் தின்றுவிட்டு, "இது பாதிரியும் இல்லை, பாதிரியின் பங்காளியும் இல்லை, ஜோகூர்ச் சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டை" என்று, எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜோகூரைச் சுட்டிச் சொல்லுவார். அப்பா அதற்கு மறுமொழி சொன்னதே இல்லை. 2009இல் அவர் காலமானார்.

நான் கேட்க விரும்புவது இவைதாம். 40 ஆண்டுகளைத் தாண்டிய மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நட முடியுமா? முடியாதென்றால், அதன் கொட்டையை முளைக்க வைத்தால் வருவது அதே மரமாகுமா, அல்லது வேறொரு மரமா? இப்படி ஒரு மரத்தை விட்டுப் பிரிந்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.


மறுமொழி: தோட்டத்து ஆள்

சகோதரி, நிலவனப்புத் தொழிலில் 30 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெயர்த்து நடுவதை மறந்துவிடுங்கள். பெரிய மரங்களைப் பெயர்ப்பது இந்த ஊரில் நடக்காத காரியம் அல்ல. ஆனால் அடிமரத்தின் குறுக்களவைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு அகலத்துக்கு வேர்ப்பந்து எடுக்க வேண்டும், பல மாதங்களுக்கு முன்பிருந்தே வேரைப் பகுதி பகுதியாகக் கழித்துப் புது வேர் விட வைக்க வேண்டும், பிறகு பாரந்தூக்கி வர வேண்டும். உங்கள் மரத்தின் ஒரு பக்கம் கால்வாய்ச் சுவர், மறுபக்கம் புளோக்கின் அடித்தளம் என்றால் முழுமையான வேர்ப்பந்து கிடைக்கவே கிடைக்காது. மேலும் பொது நிலத்தில் நிற்கும் மரம் சட்டப்படி உங்களுடையது ஆகாது. நட்டவர் யாராக இருந்தாலும் இதுதான் நிலை.

கொட்டை பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு உண்மையிலேயே பிடித்தது, ஏனென்றால் அதற்கான விடையில் உங்கள் அத்தைக்கும் அப்பாவுக்கும் இடையிலான வழக்கும் அடங்கியிருக்கிறது. மாமரங்களில் இரண்டு வகை உண்டு. இந்தியாவில் பேர்பெற்ற வகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே ஒரு கருதான் இருக்கும். ஒரே முளைதான் வரும். அது தாயும் தெரியாத தந்தையும் கலந்த புதுப் பிள்ளை, அதன் பழம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலேசியா, தாய்லாந்து, இந்தோனீசியா, பிலிப்பீன்ஸ் பக்கத்து வகைகள் பலவற்றின் கொட்டையிலோ பல கருக்கள் இருக்கும். ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் எட்டிப் பார்க்கும். அவற்றில் மகரந்தத்தால் வந்தது ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் நோஞ்சானாக இருந்து மடிந்துவிடும். மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே எழுந்தவை என்பதால் தாயின் அச்சாகவே வளரும். ஆகவே இந்தப் பருவத்தில் விழும் பழங்களின் கொட்டைகள் ஐந்தாறு எடுத்து, மேலோட்டைக் கத்தரியால் கவனமாக வெட்டி நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தொட்டியில் மேலாக ஊன்றுங்கள். பழம் தின்ற சில நாள்களுக்குள் செய்துவிடுங்கள். காய்ந்த மாங்கொட்டை முளைக்காது. இரண்டு மூன்று வாரங்களில் எத்தனை முளை என்று எண்ணிப் பாருங்கள்.

முளையை மட்டும் நம்ப வேண்டாம் என்றால் நெருக்கு ஒட்டு இருக்கிறது. ஊரில் நம் தாத்தாக்கள் கத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்தது. பென்சில் பருமனுள்ள ஓராண்டு மாங்கன்று ஒன்றைத் தொட்டியோடு வாங்கி, உங்கள் மரத்தில் கைக்கெட்டும் தாழ்ந்த கிளை ஒன்றன் பக்கத்தில் நிறுத்துங்கள். கன்றின் தண்டிலும், அதே பருமனுள்ள கிளைக்கொம்பிலும் இரண்டு அங்குல நீளத்துக்குப் பட்டையோடு சிறிது மரத்தையும் சேர்த்துச் சீவி, இரு காயங்களும் முகத்தோடு முகம் பொருந்தும்படி சேர்த்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். இரண்டரை முதல் மூன்று மாதங்களில் கூடிக்கொள்ளும். கொம்புக்குத் தாயின் பால் கடைசி நாள்வரை வந்துகொண்டே இருப்பதால், புதிதாகச் செய்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை வேறில்லை. கிளையிலேயே மண் கட்டி வேர் விட வைக்கும் விண்பதியமும் போடலாம் என்பார்கள். மாமரத்தில் அது எனக்குப் பாதிக்கு மேல் தோற்றுத்தான் போயிருக்கிறது.

22ஆம் மாடியில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடம் இருந்தால் ஒட்டுக்கன்று ஒன்றரை அடித் தொட்டியில் பல ஆண்டுகள் வாழும். பொது நடைபாதையில் வைப்பதானால் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்ற தீயணைப்பு விதியை நினைவில் கொள்ளுங்கள்.


மறுமொழி: ரஜூலாப் பேத்தி

என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தபோது பெட்டிக்குள் ஒரு பலா மணை இருந்ததாம். பிறந்த வீட்டுக் கொல்லையில் புயலில் சாய்ந்த பலாவில் அவருடைய தகப்பனார் இழைத்துக் கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் நான்கு திருமணங்களுக்கு அந்த மணைதான். நானும் அதில்தான் உட்கார்ந்தேன், ஒரு கால் ஆடும். மரத்தை நான் பார்த்ததில்லை, அந்தக் கொல்லையையும் பார்த்ததில்லை. வெட்டும் ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டால் ஒரு துண்டுக் கட்டை கிடைக்கக்கூடும். மாங்கட்டையைப் பூச்சி எளிதில் அரிக்கும் என்பதால் உடனே அறுத்து, நிழலில் காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும்.


மறுமொழி: எதிர்வாதி

மரத்தைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் நெகிழ்ந்துபோவதால், நெகிழாத ஒருவரும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். அக்கா தவறாக எண்ண வேண்டாம்.

'அப்பாவின் மரம்' என்று நீங்கள் எழுதுகிறீர்கள். நான்கு மாடி உயரம் வளர்ந்த மரத்தை 40 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த சன்னல்கள் உங்கள் புளோக்கில் எத்தனை இருக்கும்? அதன் நிழலில் யாரோ பறவைக் கூண்டு மாட்டியிருப்பார்கள், யாரோ ஊறுகாய் போட்டிருப்பார்கள், யாரோ இலைக்குப்பையைப் பற்றி ஆண்டுதோறும் புகார் எழுதியிருப்பார்கள். நடுவது பத்து நிமிட வேலை. வெட்டப்படாமல் ஒரு மரம் 40 ஆண்டுகள் நிற்க வேண்டுமானால், பெருக்குபவர், புல்வெட்டி இயந்திரத்தை ஓட்டுபவர், கிளை கழிப்பவர் எனப் பலர் அதை விட்டுவைத்திருக்க வேண்டும். 1963ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் சாலைச் சந்திப்பில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டதைப் படத்தோடு எல்லாரும் நினைவுகூர்கிறோம். 1971 முதல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் கொண்டாடுகிறோம். மறுநாள் தண்ணீர் ஊற்றியவர்களின் படம் நம்மிடம் இல்லை.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். சங்கப் பாடல் ஒன்றில், புன்னை மரத்தடியில் காதலனோடு பேசத் தலைவி நாணுகிறாள். காரணம், அந்தப் புன்னை உங்களைவிடச் சிறந்த உங்கள் தமக்கை என்று தாய் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் இந்தத் தமக்கை உறவை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த மரம் எப்படி வந்தது? சிறுமிகள் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு, மறந்துவிட்டுப் போன விதை அது. முளைத்த பிறகுதான் நெய் கலந்த பால் வார்த்து வளர்த்தார்கள். அந்தப் புன்னையை நம் கடற்கரைகளிலும் காணலாம். மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்பார்கள். உங்கள் வீட்டுக் கொட்டை மாயவரத்ததா ஜோகூரதா என்று துருவுவதைவிட, அந்த மரத்தைப் பற்றி அண்டைவீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. புளோக் காலியானதும் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

மரபுடைமை மரமாக, அதாவது பாதுகாக்க வேண்டிய மரமாக, அறிவிக்கச் சொல்லி யாராவது ஆலோசனை கூறக்கூடும். 2001இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு யாரும் மரத்தைப் பரிந்துரைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவு, வரலாற்றுச் சிறப்பு போன்றவற்றைப் பார்ப்பார்கள். நார் மாங்காய்க்கு வாய்ப்பில்லை.


மறுமொழி: நேவல் பேஸ் பிள்ளை

தம்பி எதிர்வாதி, உங்கள் வாதத்தை ஒப்புக்கொண்டே என் கதையைச் சொல்கிறேன்.

நான் செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவன். தமிழரும் மலையாளிகளும் நிறைந்த இடம். வரிசை வீடுகள்; வரிசைக்குப் பின்னால் முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும். முருங்கைப் போத்து ஒன்றை ஒடித்துச் செருகினால் போதும் என்பதால் எந்த வீட்டு முருங்கை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கணக்கே கிடையாது. தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. மாலையில் அதன் இலை கூம்பத் தொடங்கினால் உலை வைக்க வேண்டும் என்று என் தாயார் எழுந்துவிடுவார். மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்றே அழைப்பார்கள். மேகம் கருத்த நாளில் மரம் முன்னதாகவே கூம்பிவிடும்; அன்று எங்களுக்கும் சோறு முன்னதாகவே வெந்துவிடும். அது இந்த மண்ணின் மரமே அல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 1876இல் இங்கு வந்தது என்பதைப் பூமலைத் தாவரவியல் பூங்காவில் ஒரு பலகையைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு 50 வயது.

1968இல் தளத்தின் கப்பல் பட்டறை கைமாறியது, 1971இல் பிரிட்டிஷ் படைகள் போயின, குடியிருப்புகளும் ஒவ்வொன்றாகப் போயின. வீடு, கிணறு, முருங்கை எதுவும் இன்று இல்லை. தூங்குமூஞ்சி மட்டும், சாலையோர மரமாகிவிட்டதால், தப்பிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் பேரனை அழைத்துப்போய், அந்த மரத்தடியிலிருந்து மேற்கே அடியெடுத்து எட்டு வைத்து எண்ணினேன். 32ஆம் எட்டில் எங்கள் சமையலறை. அங்கே இப்போது புல்தரையும் ஒரு மின்சாரப் பெட்டியும் இருக்கின்றன. மரம் இல்லாதிருந்தால் அந்த இடத்தை நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? பழைய வரைபடத்தில் வரிசை வீடுகளெல்லாம் ஒரே கோடுதான்.

மரம் போய்ப் பெயர் நிற்பதும் உண்டு. செம்பவாங் என்பதே ஒரு மரத்தின் பெயர். தெம்பனிஸ், கம்போங் கிளாம் ஆகியவையும் அப்படித்தான். அறுபதுகளில் செம்பவாங்கில் ஒரு மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடு, இன்று ஈசூனில் கோபுரத்தோடு நிற்கும் கோயிலாகிவிட்ட பிறகும், புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்றே வழங்குகிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும் இளையவர்களிடம் 'அந்த மரம் எங்கே இருந்தது' என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கையை வடக்கே காட்டுவார்கள், அவ்வளவுதான்.

அம்மா, உங்களுக்கு என் யோசனை ஒன்று: மரம் நிற்கும்போதே, அங்கிருந்து உங்கள் வாசல், சமையலறைச் சன்னல், பேருந்து நிறுத்தம் ஆகியவை எத்தனை எட்டு என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தாயாரின் எட்டில் எண்ணுங்கள்.


மறுமொழி: மூன்றாம் மாடி மகள்

நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். எழுதியவர்கள் அனைவருக்கும் நன்றி.

ஆறு கொட்டைகள் ஊன்றினேன். நான்கு முளைத்தன. அவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள், ஒன்றில் நான்கு. எண்ணி முடித்ததும் முதலில் அத்தைக்குப் படம் அனுப்பினேன். அவர் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "நாலு பிள்ளை பிறந்தால் ஊர் மாறிப்போகுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எதிர்வாதி சொன்னதற்காகக் கீழ்வீட்டு மலாய் மூதாட்டியிடமும் கேட்டேன். அவருக்கு 80 வயதுக்கு மேல். அப்பா கொட்டை ஊன்றியது உண்மையாம். அது ஒரு மாதமாகியும் முளைக்காததால் அப்பா நாள்தோறும் குனிந்து பார்ப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், ஜோகூரின் மூவாரிலிருந்து தன் தங்கை கொண்டுவந்த மாம்பழத்தின் கொட்டையை அதே குழியில் இரவில் தான் புதைத்து வைத்ததாகச் சொன்னார். பிறகு முளை வந்தது. எதன் முளை என்று அவருக்கும் தெரியாது. அப்பாவிடம் சொன்னதும் இல்லையாம். அந்த மரத்துக் காயில்தான் அவர் இத்தனை ஆண்டுகளும் ஊறுகாய் போட்டு எங்களுக்கும் ஒரு சாடி கொடுத்து வந்திருக்கிறார். இதை அம்மாவிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது அவர் சிரித்ததைப்போல அண்மையில் சிரித்துப் பார்த்ததில்லை. அப்பா அந்த முளையைக் கண்ட அன்று ஆபீசுக்கு விடுப்பு எடுத்தாராம்.

மரத்திலிருந்து எங்கள் வாசலுக்கு அம்மாவின் எட்டில் 61. பேருந்து நிறுத்தத்துக்கு 214, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தது போக.

நெருக்கு ஒட்டும் போட்டிருக்கிறோம். நகர மன்ற அலுவலகத்தில் கேட்டபோது, தட்டில் தண்ணீர் தேங்கிக் கொசு வரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். பழைய நாற்காலி ஒன்றின் மேல் தொட்டியை வைத்துக் கட்டி, 'தயவுசெய்து எடுக்க வேண்டாம்' என்று நான்கு மொழிகளிலும் எழுதி மாட்டினேன். சீன வரியை எதிர் புளோக்கில் பறவைக் கூண்டு மாட்டும் பெரியவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு ஒட்டுகள்: ஒன்று எங்களுக்கு, இன்னொன்று கீழ்வீட்டுக்கு. கட்டி இன்றோடு 11 வாரம். எங்களுடையதில் கட்டுக்கு மேலே புதுத் தளிர் செம்பு நிறத்தில் வந்திருக்கிறது. மற்றொன்றில் கன்றின் இலைகள் இரண்டு பழுத்து உதிர்ந்துவிட்டன. இப்போது வெட்டிப் பிரிக்கலாமா, ஐயா? வீடு மாற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.


மறுமொழி: தோட்டத்து ஆள்

ஐந்து மாதம் இருக்கும்போது அவசரம் எதற்கு? கன்றின் அடியிலைகள் இரண்டு உதிர்வது பெரிதல்ல. நாடாவுக்கு மேலும் கீழும் தண்டு ஒரே சீராகப் பருத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தளிர் விட்டதில், அந்தத் தளிர் முற்றிப் பச்சையாகும்வரை பொறுத்து, பிறகு ஒட்டுக்குக் கீழே தாய்க்கொம்பைப் பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டிவிட்டு விடுங்கள். பத்து நாள் கழித்தும் இலை வாடவில்லை என்றால் மீதியையும் வெட்டி, கன்றின் தலையை ஒட்டுக்கு மேலே கழித்துவிடலாம். கீழ்வீட்டு அம்மாவின் ஒட்டுக்கு இன்னும் மூன்று வாரம் கொடுங்கள். காலையில் வெட்டுங்கள்; கத்தியைச் சாராயத்தில் துடைத்துக்கொள்ளுங்கள். முளைத்த கன்றுகளில் தடித்தவற்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியிலும் உள்ள நோஞ்சானைத் தனியே பிரித்து நட்டுவையுங்கள். அதை மட்டும் வீசிவிடாதீர்கள், எனக்கு வேண்டும்.